அச்சமின்மையும் நினைவுமீட்பும்: ஆங்கிலச் சொற்பயிற்சி விளையாட்டுகள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டு வகுப்பறைகளில் ஆங்கிலச் சொற்களைக் கற்பிக்க விளையாட்டுகளும் இறுக்கமற்ற பயிற்சிகளும் பரிந்துரைக்கப்படுகின்றன. இவை மாணவரின் அச்சத்தைப் போக்குகின்றன என்பதும் அச்சம் நீங்கினால் சொல் தானே படியும் என்பதும் இப்பரிந்துரையின் அடிப்படை. இவ்விரண்டும் தனித்தனியே நிறுவப்பட வேண்டியவை. வழக்கிலுள்ள சில விளையாட்டுகள் மாணவரிடம் எவ்வகை மனச்செயலைக் கோருகின்றன என்பதையும், அச்சத்தின் எந்தக் கூற்றை அவை தொடுகின்றன என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. பேச்சுத் தமிழில் வழங்கும் ஆங்கிலச் சொற்களைப் பயிற்சிக்குரிய மூலப்பொருளாகக் கொள்ளும் வழியையும் அதன் எல்லையையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்

சொற்பயிற்சி, நினைவுமீட்பு, மொழிக்கல்வி அச்சம், விளையாட்டுவழிக் கற்பித்தல், திசைச்சொல், பொருள் திரிபு

முன்னுரை

உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் தம் இளமைக்காலத் திண்ணைப் பள்ளிக்கூடத்தை விவரிக்குமிடத்தில் ஒரு சிறு வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். மாலையில் பிள்ளைகள் வீடு திரும்பும் வேளையில் ஆசிரியர் பூ, பறவை, விலங்கு, ஊர் முதலியவற்றின் பெயர்களைச் சொல்லி அனுப்புவார். மறுநாள் அவற்றை மறவாமல் வந்து ஒப்புவிக்க வேண்டும். நினைவாற்றலை வளர்ப்பதற்கென ஏற்பட்ட ஏற்பாடு அது.

இன்றைய சொற்கல்வி ஆய்வுகளின் ஒளியில் நோக்கும்போது இவ்வழக்கம் வியப்பளிக்கிறது. சுமை சிறியது, கையில் ஏடில்லை, சொல்லைக் கேட்டதற்கும் திருப்பிச் சொல்வதற்கும் இடையில் ஓர் இரவு இருக்கிறது. ஆயினும் அந்தப் பள்ளியில் பிரம்பும் இருந்தது, சட்டாம்பிள்ளையும் இருந்தான். நினைவை வளர்க்கும் நுட்பம் அச்சத்தின் நடுவே நடைபெற்றது. அச்சத்தை நீக்க முனையும் இன்றைய வகுப்பறை, அந்த நுட்பத்தையும் சேர்த்தே நீக்கிவிட்டதா என்பதே இங்கு எழும் வினா. திண்ணைப் பள்ளி மாணவன் சுமந்து சென்றவை தாய்மொழிப் பெயர்கள். இன்றைய மாணவர் சுமப்பவை அயன்மொழிச் சொற்கள். இவ்வேறுபாட்டை மறக்கலாகாது. எனினும் ஒப்பீடு பயனற்றதாகிவிடாது.

அச்சம் என்பது ஒன்றன்று

இறுக்கமற்ற வகுப்புக்கு ஆதரவாக அடிக்கடி எடுத்தாளப்படுவது ஸ்டீபன் கிராஷன் 1982ஆம் ஆண்டு நூலில் விளக்கிய ‘உணர்வு வடிகட்டி’ என்னும் கருதுகோள். அச்சமும் தன்னம்பிக்கைக் குறைவும் மிகுந்தால் மாணவர் கேட்கும் மொழி அவர் உள்ளத்துள் இறங்குவதில்லை என்பது அதன் சாரம். ஆசிரியர் பயிற்சிக் கையேடுகளில் இக்கருத்து ஒரு பாதியாகச் சுருங்கிவிடுகிறது. வடிகட்டி திறந்திருந்தால் போதும் என்று கிராஷன் கூறவில்லை. அதன் வழியே இறங்குவதற்குப் பொருள் விளங்கும் மொழி மிகுதியாக வேண்டும் என்பதே அவர் கோட்பாட்டின் முதற்பகுதி. திட்டமிட்ட சொற்பயிற்சியைக் காட்டிலும் விரும்பிப் படிக்கும் வாசிப்பையே அவர் பெரிதும் பரிந்துரைத்தார். அவரது பெயரால் சொல் விளையாட்டுகளை நியாயப்படுத்துவது ஒரு சிறு முரண்.

இன்னொரு குறை, அச்சத்தை ஒற்றைப் பொருளாகக் கருதுவது. எலைன் ஹார்விட்சும் உடனாய்வாளரும் 1986இல் வெளியிட்ட கட்டுரை வகுப்பறை மொழியச்சத்தை மூன்றுடன் தொடர்புபடுத்தியது: பேசத் தயங்குதல், தேர்வுக்கு அஞ்சுதல், பிறர் தம்மைக் குறைத்து மதிப்பிடுவர் என அஞ்சுதல். சொல் விளையாட்டு மதிப்பெண்ணை விலக்குகிறது. ஆகவே இரண்டாவது அச்சம் குறைகிறது. முதலாவதும் மூன்றாவதும் என்னாகின்றன?

கிராமத்துப் பள்ளியிலிருந்து கல்லூரிக்கு வந்த மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். எழுத்துத் தேர்வில் தவறிழைத்தால் அது அவளுக்கும் ஆசிரியருக்கும் மட்டும் தெரியும். விளையாட்டில் எழுந்து நின்று ஒரு சொல்லைப் பிழையாக ஒலித்தால் வகுப்பே சிரிக்கும். விடைத்தாளில் சிவப்பு மைக்கு அஞ்சியவள் இங்கே அறுபது பேரின் சிரிப்புக்கு அஞ்சுகிறாள். விளையாட்டுதானே என்னும் சமாதானம் இவ்வச்சத்தைப் போக்குவதில்லை. விளையாட்டில் தோற்பதற்குச் சாக்குச் சொல்லவும் இடமில்லை.

பல்கேரிய நாட்டு ஜார்ஜி லோசானோவ் உருவாக்கிய கற்பித்தல் முறை மெத்தை நாற்காலிகளுக்கும் பழைய ஐரோப்பிய இசைக்கும் புகழ்பெற்றது. அதன் அறிவியல் உரிமைகோரல்கள் கடுமையாக மறுக்கப்பட்டுள்ளன. ஆனால் அம்முறையில் மாணவர் ஒவ்வொருவருக்கும் புதிய பெயரும் புதிய தொழிலும் கற்பனையாக அளிக்கப்பட்டன. பிழை அந்தக் கற்பனை மனிதருடையதாகிவிடுகிறது. இசையைவிடவும் நாற்காலியைவிடவும் இந்த ஒரு கூறு மூன்றாவது அச்சத்தை நேராகத் தொடுகிறது எனலாம்.

விளையாட்டுகள் கோருவன

வழக்கிலுள்ள சில பயிற்சிகளை அவை மாணவரிடம் கோரும் மனச்செயலைக் கொண்டு மதிப்பிடுவது பொருத்தமாகும். ஒரு சொல்லைக் கண்டதும் அறிந்துகொள்ளுதல் வேறு. பொருளை எண்ணியதும் அச்சொல்லைத் தானே வரவழைத்தல் வேறு. முன்னதை இனங்காணல் என்றும் பின்னதை நினைவுமீட்பு என்றும் இக்கட்டுரை குறிக்கிறது. பேச்சுக்கும் எழுத்துக்கும் வேண்டுவது பின்னது.

முதலில் தூக்குமரப் படம் வரைந்து எழுத்தெழுத்தாகச் சொல்லைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. இதில் வெல்வதற்குப் பொருள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் மிகுதியாகப் பயிலும் எழுத்துகளை ஊகிக்கத் தெரிந்தால் போதும். சொல் முழுமையாக வெளிப்பட்ட பின்னும் அதன் பொருளைக் கேட்காமல் அடுத்த சொல்லுக்குச் செல்வதே பெரும்பாலும் நடப்பது. ஒரு பாடவேளையில் ஐந்தாறு சொற்களுக்குமேல் நகர்வதுமில்லை. நேரத்தைக் கலகலப்பாகக் கழிக்க இது உதவும். சொற்கல்வியில் இதற்கு இடம் தருவது கடினம்.

சொல்லின் ஈற்றெழுத்தைக் கொண்டு அடுத்த சொல்லைத் தொடங்கும் தொடர் விளையாட்டு அந்தாதியையும் அந்தாக்ஷரியையும் அறிந்த தமிழ் மாணவருக்கு இயல்பாகவே பிடித்தமானது. நினைவுமீட்பும் இதில் உண்டு. ஆனால் மாணவர் வரவழைப்பது ஏற்கெனவே நாவில் நிற்கும் சொல்லையே. நேற்றுக் கற்ற சொல் வெளிவருவதற்கான கட்டாயம் ஏதுமில்லை. மேலும் விடை சொல்லாதவர் வெளியேற வேண்டும் என்பது இவ்விளையாட்டின் விதி. பயிற்சி யாருக்கு மிகுதியாக வேண்டுமோ அவரே முதலில் அமர்த்தப்படுகிறார். எஞ்சிய முப்பது நிமிடமும் அவர் பார்வையாளர். வெளியேற்றும் விதியைக் கொண்ட எந்த விளையாட்டையும் இறுக்கமற்ற பயிற்சி என்று அழைப்பது முறையன்று.

கட்டங்களில் சொற்களை எழுதிவைத்து, அழைக்கப்படும் சொல்லை அடிக்கும் பிங்கோ இவற்றினும் சிக்கலானது. ஆசிரியர் சொல்லையே உரக்கப் படித்தால் அது காதுக்கும் கண்ணுக்குமான பொருத்தமே. பொருள் உள்ளே வருவதில்லை. அவர் சொல்லை மறைத்து அதன் தமிழ்ப் பொருளை மட்டும் கூறினால் மாணவர் பொருளிலிருந்து சொல்லைத் தேடுகிறார். கட்டத்தில் சொற்களுக்குப் பதில் படங்களோ தமிழ்ச் சொற்களோ இருந்து, மாணவர் அடிக்கும்போது ஆங்கிலச் சொல்லை அதன்மேல் எழுத வேண்டுமெனில் அது முழுமையான நினைவுமீட்பாகிவிடும். எவரும் எழுந்து நிற்பதில்லை. பிழை தாளோடு நிற்கிறது. விதியில் செய்யப்படும் மிகச் சிறு மாற்றத்தால் பயிற்சியின் இயல்பே மாறுவதற்கு இது தக்க சான்று.

வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொல்லையும் அதன் எழுத்துகளையும் ஒப்பிக்கும் பழைய முறையை இறுக்கமானதென ஒதுக்குவது இன்றைய வழக்கம். உண்மையில் அச்சம் மிகக் குறைவாக உள்ள பயிற்சி அதுவே. தயங்கும் மாணவரின் குரல் கூட்டத்தில் கரைந்துவிடுகிறது. அதன் குறை வேறிடத்தில் உள்ளது: சொல்லை நினைவிலிருந்து எடுக்காதவரும் அரை நொடி பின்தங்கிப் பிறரைத் தொடர்ந்து முழுவதையும் சொல்லிவிட முடியும். ஒலிப்பைப் பழக்க இம்முறை போதும். நினைவைச் சோதிக்கப் போதாது.

பால் நேஷன் 2001ஆம் ஆண்டு நூலில் சொல் படிவதற்குக் கவனித்தல், நினைவுமீட்பு, புதிய சூழலில் பயன்படுத்தல் ஆகியவற்றை முன்வைத்தார். மேலே கண்ட விளையாட்டுகளுள் பல முதற்படியிலேயே நின்றுவிடுகின்றன.

மகிழ்ச்சி அளவுகோலாகுமா?

விளையாட்டு நடந்த வகுப்பின் வெற்றியை மாணவர் மகிழ்ந்தனர், ஆர்வத்துடன் பங்கேற்றனர் என்னும் வினாநிரல் விடைகளால் அளக்கும் ஆய்வேடுகள் நம்மிடையே உள்ளன. இவ்வளவுகோல் ஐயத்திற்குரியது என்பதற்கு வலுவான காரணம் உண்டு. ஜெஃப்ரி கார்பிக்கேயும் ஹென்றி ரோடிகரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் 40 ஸ்வாஹிலி–ஆங்கிலச் சொல்லிணைகளைக் கற்றனர். ஒருமுறை சரியாகச் சொன்ன சொற்களையும் மீண்டும் மீண்டும் நினைவிலிருந்து வரவழைத்த குழுக்கள் ஒரு வாரத்திற்குப் பின் ஏறத்தாழ 80 விழுக்காட்டை நினைவு கூர்ந்தன. சரியாகச் சொன்னதும் அச்சொல்லைச் சோதனையிலிருந்து நீக்கிவிட்ட குழுக்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே நினைவு கூர்ந்தன. நீக்கிய சொற்களைத் தொடர்ந்து படித்தும் பயனில்லை.

இம்முடிவைவிடவும் கருதத்தக்கது ஒன்று. ஒரு வாரம் கழித்து எத்தனை நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது எல்லாக் குழுக்களும் ஏறத்தாழ ஒரே மதிப்பீட்டையே கூறின. எந்தப் பயிற்சி தமக்குப் பயன்பட்டது என்பதைக் கற்போர் உணரவில்லை. அவ்வாறாயின் பாடவேளை முடிந்தவுடன் பெறப்படும் மகிழ்ச்சிக் கருத்து, அதே சொற்களை ஏழாம் நாளில் கேட்பதற்கு ஈடாகாது. சொற்பயிற்சி குறித்த ஆய்வேடு ஒன்றில் காலந்தாழ்ந்த சோதனை இல்லையெனில் அதன் முடிவை ஏற்பதில் நெறியாளர்கள் தயங்க வேண்டும்.

தென்னிந்திய அனுபவம் ஒன்று

அச்சமற்ற ஆங்கில வகுப்புக்கு விளையாட்டே வழி என்பதற்கு மாறான முன்னுதாரணம் நம் பகுதியிலேயே உண்டு. என்.எஸ்.பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய இடங்களின் பள்ளிகளில் நடத்திய திட்டம் மொழிக்கல்வி உலகில் பெரிதும் விவாதிக்கப்பட்டது. இரயில் கால அட்டவணையைப் பார்த்துப் பயண நேரத்தைக் கணக்கிடுதல், வரைபடத்தில் வழி காணுதல் போன்ற பணிகள் மாணவருக்குத் தரப்பட்டன. முதலில் ஆசிரியர் முழு வகுப்போடும் அதையொத்த பணியைச் செய்துகாட்டுவார். பின்னர் மாணவர் தனியே செய்வர். குழுப்பணியைப் பிரபு பெரிதும் தவிர்த்தார். பிழையான ஆங்கிலமே தங்களுக்குள் நிலைத்துவிடும் என்பது அவர் கூறிய முதன்மைக் காரணம். வகுப்பில் ஏறத்தாழப் பாதிப்பேர் பணியில் பாதியளவேனும் முடிக்கும்படி அதன் கடினம் இருத்தல் வேண்டும் என்பது அவர் கொண்ட தோராய அளவு.

அத்திட்டம் சொற்பயிற்சிக்கென வகுக்கப்பட்டதன்று. அதன் மதிப்பீட்டு முடிவுகளும் மாற்றுக் கருத்துக்கு உட்பட்டவை. ஆயினும் ஒன்று தெளிவு. அங்கு மாணவரின் இறுக்கம் தளர்ந்திருந்தால் அதற்குக் காரணம் கேளிக்கை அன்று. கணக்கிட வேண்டிய ஒரு செய்தி முன்னிருந்தது. ஆங்கிலம் அதற்குக் கருவியாக நின்றது. சொல் தெரியாதவர் பலகையிலிருந்தோ ஆசிரியர் வாயிலிருந்தோ அதை எடுத்துக்கொள்ளலாம். கடன்பெறும் உரிமை அளிக்கப்பட்டிருந்தது.

‘ரிப்பேர்’ கற்பிக்கும் பாடம்

தமிழ் மாணவர் ஆங்கிலச் சொல்லே அறியாதவராக வகுப்புக்குள் நுழைவதில்லை. பேருந்தில், கடையில், கைபேசியில், மருத்துவமனையில் அவர் நாள்தோறும் ஆளும் ஆங்கிலச் சொற்கள் பல நூறு இருக்கும். அவை தமிழாகிவிட்டமையால் அவற்றை ஆங்கிலமென்று அவர் எண்ணுவதில்லை, ஆசிரியரும் எண்ணுவதில்லை. பிறமொழிச் சொற்கள் தமிழில் வந்து வழங்குவதைத் தொல்காப்பியர் காலத்திலேயே இலக்கணம் கவனித்துத் திசைச்சொல், வடசொல் என வகைப்படுத்தியது. தற்சமம், தற்பவம் என்னும் பிற்காலப் பாகுபாடு அவற்றின் ஒலிமாற்றத்தை விளக்கியது. ஆங்கிலக் கடன்சொற்களில் ஒலிமாற்றத்தைவிடப் பொருள்மாற்றமே மொழி கற்போருக்கு முதன்மையானது.

‘வண்டி ரிப்பேர்’ என்று ஒருவர் சொன்னால் வண்டி ஓடவில்லை என்று பொருள். ஆங்கிலத்தில் ரிப்பேர் என்பது ஓடாததைச் சீராக்குவது. தமிழில் ‘பழுது’, ‘பழுதுபார்த்தல்’ என்னும் இரண்டு சொற்கள் தெளிவாகப் பிரித்து வைத்த பொருள்களுள் முன்னதை இக்கடன்சொல் பேச்சில் பற்றிக்கொண்டது; ‘ரிப்பேர் பண்ணு’ எனும்போது பின்னதையும் தாங்குகிறது. எனவே தன் கைபேசி பழுதடைந்ததை ஆங்கிலத்தில் கூற முயலும் மாணவர் அது சீராக்கப்பட்டது என்று பொருள்படும்படி எழுதிவிடக்கூடும். இலக்கணப் பிழை என இதைத் திருத்துவதால் பயனில்லை. தமிழில் அச்சொல் எப்பொருளில் வழங்குகிறது என்பதை அவரே சொல்லக் கேட்டு, பழுது எது, பழுதுபார்த்தல் எது என்று பிரிக்கச் செய்தால் ஆங்கிலப் பொருள் தானே விளங்கும்.

இத்தகையவை பல. ‘கரண்ட்’ தமிழில் மின்சாரம் மட்டுமே. ஆங்கிலத்தில் ஆற்றின் ஓட்டமும் நிகழ்காலத்ததும்கூட. உணவகத்தில் கேட்கும் ‘பார்சல்’ ஆங்கிலத்தில் அஞ்சலில் வரும் பொதி. வயலில் ஓடும் ‘மோட்டார்’ தண்ணீர் இறைக்கும் எந்திரம் முழுவதையும் குறிக்கும். ‘ஃபீல் பண்ணாதே’ என்றால் வருந்தாதே. ஆங்கிலத்தில் அச்சொல் மகிழ்வையும் உணரும். ‘லைட்டா வலிக்கிறது’ என்பதில் வரும் சொல் எடையையும் ஒளியையும் விட்டு அளவைக் குறிக்கப் போய்விட்டது.

இச்சொற்களைத் திரட்டி, பொருள் மாறாதவை, பொருள் சுருங்கியவை, பொருள் திரிந்தவை எனப் பிரிக்கும் பயிற்சியில் சான்று தருபவர் மாணவர். ஓட்டுநர் பணிமனையிலும் பூச்சந்தையிலும் எச்சொல் எப்பொருளில் வழங்குகிறது என்பதில் ஆசிரியரைவிட அவர் தேர்ந்தவர். ஆங்கில வகுப்பில் கடைசி வரிசைக்கு அரிதாக வாய்க்கும் நிலை இது. ஹார்விட்ஸ் முதலியோர் கூறிய மூன்றாவது அச்சம் இங்கே எழக் காரணமில்லை. தமிழில் வழங்கும் சொல்லின் பொருளைச் சொல்வதில் பிழைபட என்ன இருக்கிறது? தமிழ் பேசினால் தண்டம் என்று விதிக்கும் வகுப்பறைகளில் இப்பயிற்சிக்கு வாய்ப்பே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இம்முறை தமிழில் கலப்பை வளர்க்காதா என்னும் தடை எழலாம். தடை நேர்மையானது. ஆயினும் பயிற்சி கோருவது கடன்சொல்லைப் பயன்படுத்துவதை அன்று. அதனிடத்தில் நிற்க வேண்டிய தமிழ்ச் சொல்லை நினைவுகூர்வதையே. பழுது என்னும் சொல் மாணவர் நாவுக்கு மீள்வது ஆங்கிலச் சொல்லின் எல்லையை வரையறுக்கும் முயற்சியில்தான்.

ஓர் இரவின் இடைவெளி

மேற்கண்ட திரட்டலும் ஒருநாள் உற்சாகமாக முடிந்துவிடக்கூடும். இங்கே திண்ணைப் பள்ளி வழக்கம் மீண்டும் நினைவுக்கு வருகிறது. வகுப்பு முடியும்போது நான்கு சொற்கள்; மறுநாள் தொடக்கத்தில் பக்கத்திலிருப்பவரிடம் மட்டும் தமிழ்ப் பொருளைக் கேட்டு ஆங்கிலச் சொல்லைச் சொல்லுதல்; மூன்றாம் நாளும் அடுத்த வாரமும் மீண்டும் அதே. 45 நிமிடப் பாடவேளையில் 50 மாணவரை ஆசிரியர் ஒவ்வொருவராகக் கேட்டால் ஒருவருக்கு ஒரு நிமிடமும் கிட்டாது. இருவர் இருவராகக் கேட்டுக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் அனைவரும் அனைத்துச் சொற்களையும் வரவழைத்து முடிப்பர். ஒரு சொல்லை விடையாகக் கூறும் இப்பயிற்சிக்குப் பிரபு குழுப்பணி மீது எழுப்பிய தடை பெரிதும் பொருந்தாது. மதிப்பெண் பதிவேட்டில் ஏறினால் அன்றே இது தேர்வாகிவிடும்; ஏறாமல் பார்த்துக்கொள்வது ஆசிரியர் பொறுப்பு.

அந்நான்கு சொற்களும் ஒரே பொருள்தொகுதியைச் சார்ந்திருப்பது நன்றன்று. தாமஸ் டிங்காம் 1990களில் செய்த ஆய்வுகள் ஒரே வகைப் பெயர்களைச் சேர்த்துக் கற்பது கடினம் என்று காட்டின. பழங்கள், நிறங்கள், உடைகள் எனத் தொகுத்துத் தரும் பாடநூல் மரபு கற்பிப்பவருக்கு ஒழுங்காகத் தோன்றுகிறது. கற்பவருக்கு ஒன்றன் பெயர் மற்றொன்றில் ஏறிக் குழப்புகிறது. திண்ணை ஆசிரியர் பூவையும் பறவையையும் ஊரையும் நாடியதில் இக்கருத்து இருந்ததென்று கூறுவது மிகையாகும். ஆனால் அவர் பூக்களின் பட்டியலைக் கொடுத்தனுப்பவில்லை.

இவ்வழியின் எல்லையும் உண்டு. கடன்சொற்கள் பெரும்பாலும் பொருட்பெயர்கள். சில வினைகளும் உண்டு. உயர்கல்விப் பாடநூலில் மாணவரைத் திகைக்க வைப்பவை ‘ஆல்தோ’, ‘டெஸ்பைட்’, ‘அன்லெஸ்’ போன்றவை. தமிழ்ப் பேச்சுக்குள் இவை கடனாக வரவில்லை. வருவதற்குத் தேவையும் நேரவில்லை. ஆங்கிலம் தொடரின் முன்னே தனிச்சொல்லாக நிறுத்தும் பொருளைத் தமிழ் ‘வந்தாலும்’, ‘வராவிட்டால்’ என வினையின் ஈற்றில் ஏற்றிவிடுகிறது. பொருளைச் சொன்னால் சொல்லைச் சொல் என்று கேட்பதற்கு இங்கே ஈடான தமிழ்ச் சொல் தனியே இல்லை. ஆகவே இவற்றுக்குச் சொல்லட்டை உதவாது. அட்டையின் ஒருபுறம் முழுத் தமிழ்த் தொடரும் மறுபுறம் முழு ஆங்கிலத் தொடரும் இருந்தாக வேண்டும். ‘மழை பெய்தாலும் பேருந்து வந்தது’ என்பதைப் பார்த்து மாணவர் ஆங்கிலத் தொடரை வரவழைக்கும்போது அந்த ‘உம்’ தொடரின் முதலிடத்திற்கு இடம்பெயர்வதை அவரே காண்பார். நான்கு சொற்கள் என்னும் அளவு இவ்வகையில் ஒரு நாளைக்கு ஒரு தொடராகக் குறையக்கூடும்.